நீண்ட ஒலிப்பதிவைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு முன்னறையில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். பழைய கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றுவேன். மூன்று நான்கு மணி நேரப் பதிவுகளைக் கேட்கக்கூடிய அளவில் பிரித்துக் கொடுப்பேன். தாங்களே செய்து பார்க்க விரும்புகிறவர்கள் போன் எடுத்துக் கேட்பார்கள். ஆட்கள்தான் வேறு, கேள்விகள் அதே கேள்விகள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

பதிவு முழுதாகவே இருந்தால் என்ன? ஏன் பிரிக்க வேண்டும்?

சில பதிவுகளைப் பிரிக்கத் தேவையே இல்லை. நீங்கள் மட்டும், வீட்டில் இருந்து, ஒரு தடவை கேட்கப் போகிறீர்கள் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மற்றவருக்குக் கொடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. நூல் வெளியீட்டு விழா ஒன்றின் மூன்று மணி நேரப் பதிவு இருக்கிறது என்று வையுங்கள். நூலாசிரியர் தன் ஏற்புரையை மட்டும் ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப நினைக்கிறார். “ரெண்டு மணி பதினாலாவது நிமிசத்தில இருந்து கேள்” என்று எழுதி அனுப்பினால் தங்கை கேட்க மாட்டார். கேட்கத் தொடங்கினாலும் விரல் பட்டு எங்கோ போய்விடும். அப்புறம் வரவேற்புரையில் இருந்து தேட வேண்டியதுதான்.

கோப்பின் பாரமும் ஒரு காரணம். சீடீ தரத்தில், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால், சுருக்காத வேவ் கோப்பு நிமிடத்துக்குப் பத்தரை எம்பி (மெகாபைட்) பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. அதையே 128 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆகச் சுருக்கினால் ஏறத்தாழ 58 எம்பி. வெறும் பேச்சுக்கு மோனோவில் 64 போதும். 29 எம்பியோடு முடிந்துவிடும். ஆகவே பாரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் முதலில் சுருக்கிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு அதோடு வேலை முடிந்து, வெட்டவே தேவையில்லாமல் போய்விடுகிறது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு துண்டு போடுவது?

மணிக்கூட்டைப் பார்த்து வெட்டக் கூடாது என்பது என் கட்சி. ஒருவர் கந்தபுராணச் சொற்பொழிவு ஒன்றைச் சரியாகப் பதினைந்து பதினைந்து நிமிடமாக வெட்டி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தார். நான்காவது துண்டு “முருகப்பெருமான் கையில் வேலை எடுத்து” என்பதோடு நிற்கிறது. ஐந்தாவது துண்டு “விட்டார்” என்று தொடங்குகிறது. சூரன் இரண்டு கோப்புக்கும் நடுவில் மாமரமாக நின்றுகொண்டிருக்கிறான்.

அளவு வேண்டுமென்றால், யார் எங்கிருந்து கேட்கப்போகிறார் என்று யோசியுங்கள். உயர்தரப் பிள்ளைகளுக்கான வகுப்புப் பதிவு என்றால் ஒரு வினாவுக்கு ஒரு துண்டு. எட்டுப் பத்து நிமிடம் வரும். பிள்ளை அந்த ஒரு கணக்கைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கும். சமயச் சொற்பொழிவு அரை மணி வரை போகலாம், கேட்கிறவர்கள் காலையில் சமைத்துக்கொண்டு கேட்கிறார்கள். குடும்பப் பெரியவரின் நேர்காணலுக்கு அளவே கிடையாது. ஒரு கதை நான்கு நிமிடத்தில் முடியும், அடுத்தது இருபத்தேழு நிமிடம் ஓடும். இருக்கிறபடியே விடுங்கள்.

மணிக்கூட்டு வெட்டு பொருந்தும் இடம் ஒன்றே ஒன்று: எழுத்தாக்கத்துக்காக, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தில் தட்டுவதற்காக, பல பேருக்குப் பங்கு பிரிக்கும்போது. அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த மென்பொருளில் செய்வது?

ஓடாசிட்டி. இலவசம், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் நல்லவைதான், ஆனால் இந்த வேலைக்கு அவை ஆடம்பரம்.

செய்முறை இவ்வளவுதான். பதிவைத் திறந்து ஓட விடுங்கள். புதிய பகுதி தொடங்கும் இடத்தில் கன்ட்ரோலையும் எம் விசையையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஒரு லேபல், அதாவது பெயர் எழுதக்கூடிய அடையாளம், விழும். அதில் பெயரைத் தட்டுங்கள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தெரிவு செய்த இடத்தில் லேபல் போட கன்ட்ரோலும் பி (B) விசையும். கடைசி வரை இப்படிப் போய், ஏற்றுமதி செய்யும்போது பல கோப்புகளாக, லேபல்களின்படி என்று தெரிவு செய்தால், அத்தனை துண்டும் நீங்கள் வைத்த பெயரோடு ஒரே தடவையில் வெளியே வரும். ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, வெட்டி, சேமித்து என்று நாள் முழுக்க இருக்கத் தேவையில்லை. இதைத் தெரியாமல் நான் ஒரு வருடம் பாடுபட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஓடாசிட்டி எம்பி3 கோப்பைத் திறக்கும்போது சுருக்கத்தை விரித்து 32 பிட்டில் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் மணிக்கு ஒன்றேகால் ஜிபிக்குச் சற்று மேல். ஆறு மணி நேரப் பதிவுக்கு ஏழரை ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். பழைய மடிகணினியில் சி டிரைவ் நிரம்பி வழியும்போது இதைத் திறந்துவிட்டு, “மென்பொருள் சரியில்லை” என்று போன் எடுக்காதீர்கள்.

சரி, எந்த இடத்தில் வெட்டுவது?

எல்லாரும் கடைசியாகக் கேட்கும் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். வெட்டுவது ஒரு நொடி வேலை. இடத்தைத் தீர்மானிக்கக் காது வேண்டும், அதைவிடப் பொறுமை வேண்டும்.

மேடை நிகழ்ச்சி என்றால் அதிர்ஷ்டம். வரைபடம் ஏற்கெனவே அச்சடித்து வந்திருக்கும். அழைப்பிதழைச் சொல்கிறேன். 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்திலோ வேறெங்கோ நடந்த நூல் வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கள விளக்கேற்றல், தமிழ் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிகள், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. அழைப்பிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லேபல் போட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் அழைப்பிதழை முழுக்க நம்பவும் கூடாது. வரவேண்டிய பிரதம விருந்தினர் காலி வீதி நெரிசலில் நிற்பார், நயவுரைகாரர் முன்னே வந்துவிடுவார். சிறப்புப் பிரதி பெறுகிறவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் இருபத்தைந்து நிமிடத்தைத் தனித் துண்டாக்கிவிடுவேன். பெயர் உள்ளவர்கள் கேட்பார்கள், மற்றவர்கள் தாண்டிப் போவார்கள்.

உரைக்கு முன்னால் தொகுப்பாளர் செய்யும் அறிமுகத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது? வரப்போகும் பேச்சாளரோடு சேருங்கள். பலர் “அடுத்ததாக” என்ற சொல்லுக்குப் பின்னால், பேச்சாளர் வாய் திறக்கும் இடத்தில் வெட்டுகிறார்கள். அப்போது அறிமுகம் முந்திய பேச்சாளரின் வாலில் தொங்கும்.

வீட்டு நேர்காணலுக்கு வரைபடம் கிடையாது. மட்டக்களப்பிலிருந்து வந்து கல்கிசையில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு அம்மம்மாவின் பதிவு. பேத்தி போனில் எடுத்தது, இரண்டு மணி நாற்பது நிமிடம். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறார். தென்னை முறிந்தது, ஓடு பறந்தது, எல்லாரும் கட்டிலுக்குக் கீழே போனது. “பிறகு என்ன நடந்த அம்மம்மா?” என்று பேத்தி கேட்கிறாள். “கூரை போயிற்று புள்ள” என்கிறார். அதற்குப் பிறகு ஏழு செக்கன் ஒன்றுமில்லை. தேநீர்க் கோப்பை பீரிசில் வைக்கப்படும் சத்தம். அதன் பின் வேறு குரலில், மெதுவாக, கைக்குழந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார்.

அந்த ஏழு செக்கன் நல்ல இடைவெளி மாதிரித்தான் திரையில் தெரியும். அலை படுத்துக் கிடக்கும். நான் முதலில் அங்கேதான் லேபல் போட்டேன். திரும்பக் கேட்டபோது அது கதையின் முடிவு இல்லை, கதையின் நடு என்று தெரிந்தது. லேபலைத் தூக்கிப் பதினொரு நிமிடம் தள்ளி, பேத்தி “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அலையைப் பார்த்து வெட்டாமல் கேட்டு வெட்டுங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

இடம் முடிவானதும், பேச்சு தொடங்குவதற்கு அரைச் செக்கன் முன்னால் வெட்டுங்கள். மூச்சு இழுக்கும் சத்தம் பேச்சோடு சேர்ந்தது. அதை நறுக்கினால் ஆள் தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டிய மாதிரிக் கேட்கும்.

மௌனத்தைத் தானாகவே கண்டுபிடித்து வெட்டித் தராதா?

தரும். ஓடாசிட்டியில் பகுப்பாய்வுப் பட்டியலில் லேபல் சவுண்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை டெசிபலுக்குக் கீழே போனால் மௌனம், அது எத்தனை செக்கன் நீடிக்க வேண்டும் என்று இரண்டு விடயம் சொன்னால், தானாக லேபல் போட்டுவிடும். அமைதியான அறையில் எடுத்த பாட்டுக் கசெட், இடைவெளி விட்டு வாசிக்கும் செய்தி, பாடல்களுக்கு நடுவில் நிறுத்தம் உள்ள பஜனை, இவற்றுக்கு அருமையாக வேலை செய்யும்.

கொழும்பு வீட்டில் எடுத்த பதிவுக்கா? மேலே காற்றாடி சுற்றுகிறது. வெளியே காகம். கரையோர ரயில் பாதை எங்கள் ஒழுங்கையின் அடியில் போகிறது, ஒவ்வொரு ரயிலும் ஹோர்னை அடித்துவிட்டுத்தான் கடக்கும். நாலு மணிக்கு சூன் பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வரும். இதற்குள் மென்பொருள் மௌனத்துக்கு எங்கே போகும்? ஒருமுறை இரண்டு மணி நேர நேர்காணலில் அது மூன்றே மூன்று இடத்தில்தான் மௌனம் கண்டது. மூன்றும் கரண்ட் போய்க் காற்றாடி நின்ற நேரம்.

ஆனாலும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். யாரும் பேசாத ஒரு மூன்று செக்கனைத் தெரிவு செய்து, அங்கே ஒலிமானி எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். -42 டெசிபல் என்று வந்தால், எல்லையை அதைவிட ஐந்தாறு டெசிபல் மேலே, -36 அளவில் வையுங்கள். மௌனத்தின் நீளத்தை இரண்டு செக்கனுக்குக் குறைய வைக்காதீர்கள். குறைத்தால் நிதானமாகப் பேசுகிறவரின் ஒவ்வொரு வசனமும் ஒரு துண்டாகிவிடும். பிறகு வரும் லேபல்களை வேட்பாளர்கள் மாதிரி நினைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாதவற்றை அழியுங்கள். எனக்குப் பத்தில் இரண்டு மூன்று மிஞ்சும்.

எம்பி3 கோப்பை வெட்டினால் தரம் குறையுமா?

வெட்டுவதால் குறையாது. வெட்டியதைத் திரும்ப எம்பி3 ஆகச் சுருக்குவதால்தான் குறையும். ஓடாசிட்டியில் திறந்து, வெட்டி, மறுபடி எம்பி3 ஆக ஏற்றுமதி செய்தால் அது இரண்டாவது சுருக்கம். ஒரு தடவைக்கு, பேச்சுக்கு, காது கண்டுபிடிக்காது. நாலு தடவை செய்தால் ‘ச’வும் ‘ஸ’வும் கரகரக்கத் தொடங்கும்.

சுருக்காமலே வெட்ட வழி உண்டு. எம்பி3 கோப்பு சிறு சிறு சட்டகங்களாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு சட்டகத்திலும் 1152 மாதிரிகள், 44.1 கிலோஹேர்ட்ஸில் அது ஏறத்தாழ 26 மில்லி செக்கன். சட்டகத்துக்கும் சட்டகத்துக்கும் நடுவில் வெட்டினால் உள்ளே எதையும் தொடத் தேவையில்லை, அப்படியே பிரித்து எடுத்துவிடலாம். விண்டோஸில் எம்பி3டைரக்ட்கட் என்ற குட்டி மென்பொருள் இதைத்தான் செய்கிறது. லாஸ்லெஸ்கட் மற்ற வடிவங்களையும் இப்படி வெட்டும். கறுப்புத் திரையில் கட்டளை எழுதப் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ‘கொப்பி’ என்று சொல்லிச் செய்வார்கள். மூன்று மணி நேரப் பதிவு கண் மூடித் திறப்பதற்குள் பிரிந்துவிடும். இதில் ஒரே குறை, 26 மில்லி செக்கனைவிட நுணுக்கமாக வெட்ட முடியாது. பேச்சுக்கு அந்த நுணுக்கம் தேவையுமில்லை.

வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே?

அலை மேலே ஏறி நிற்கும் இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஒலி திடீரென்று ஓர் உயரத்தில் இருந்து தொடங்கும்போது ஒலிபெருக்கி துள்ளுகிறது, அதுதான் அந்த டிக். ஓடாசிட்டியில் தெரிவு செய்துவிட்டு இசட் விசையை அழுத்தினால், தெரிவின் இரு முனையும் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நகரும். அதுவும் போதாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் 10 மில்லி செக்கன் மங்கலாக்கல் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது, இறக்குவது) போடுங்கள். காதுக்கு மங்கல் தெரியாது, டிக் போய்விடும்.

கச்சேரிப் பதிவை எப்படிப் பிரிப்பது?

பேச்சுக்குச் சொன்னதில் பாதி இதற்குப் பொருந்தாது. ஆலாபனையையும் அதைத் தொடர்ந்து வரும் கிருதியையும் பிரிக்கக் கூடாது. ராகம் ஒரு துண்டு, பாட்டு ஒரு துண்டு என்று பிரித்துக் கேட்கச் சொல்லி யாரும் வந்தால், நான் ஒரு தடவை “வேண்டாமே” என்று சொல்லிப் பார்ப்பேன். தனி ஆவர்த்தனத்தை மட்டும் கேட்க விரும்பும் மிருதங்க மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், முழுப் பாட்டையும் உடைக்கத் தேவையில்லை.

வெட்டும் இடம் கைதட்டல். கைதட்டல் உச்சத்துக்குப் போய்ப் பாதியாக இறங்கும் இடத்தில் வெட்டி, முதல் துண்டின் முடிவில் இரண்டு மூன்று செக்கன் மங்கலாக்குங்கள். தம்புரா ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டி, முழுக்கச்சேரியையும் தொடர்ச்சியாகக் கேட்க நினைத்தால் மட்டும் மங்கலாக்க வேண்டாம். எம்பி3க்கு இன்னொரு குணம் உண்டு. சுருக்கும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் கொஞ்சம் வெற்றிடத்தைச் சேர்த்துவிடும். அதனால் ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது தம்புரா ஒரு கணம் விக்கும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் இந்த விக்கல் இல்லை. கச்சேரிக்கு நான் ஃபிளாக்தான் கொடுப்பேன்.

சீடீயில் போட வேண்டும் என்கிறவர்களுக்கு: சீடீ ஒரு செக்கனை 75 சட்டகமாகப் பிரிக்கிறது. வெட்டும் இடம் அதில் ஒன்றோடு பொருந்தாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும், டிக் வரும். ஓடாசிட்டியில் சீடீ சட்டகத்துக்கு ஒட்டவைக்கும் அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கசெட்டில் இருந்து எடுத்ததில் ஏதும் விசேஷமாகக் கவனிக்க வேண்டுமா?

இரண்டு. ஒன்று, பக்கம் மாறும் இடம். சீ-90 கசெட் என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். பதிவு செய்தவர் நாடா முடிந்ததைக் கவனித்து, எடுத்து, திருப்பிப் போடுவதற்குள் மேடையில் பேச்சு போய்க்கொண்டே இருந்திருக்கும். ஏ பக்கத்தின் கடைசி வசனத்தையும் பி பக்கத்தின் முதல் வசனத்தையும் ஒட்டி, தொடர்ச்சியாகப் பேசியது போலக் காட்டாதீர்கள். இரண்டு செக்கன் மௌனம் விடுங்கள். நடுவில் போனது போனதுதான், கேட்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

மற்றது, ஆவி மாதிரி ஒரு சத்தம். பல வருடம் சுற்றிக் கிடந்த நாடாவில், ஒரு சுற்றில் உள்ள காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் இலேசாக ஒட்டிக்கொள்ளும். பேச்சாளர் வாய் திறப்பதற்குச் சற்று முன்னாலேயே அவர் முதற்சொல் எங்கோ தொலைவில் கேட்கும். மெல்லிய நாடா உள்ள சீ-120இல் இது அதிகம். ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்பாவின் குரல் ரெண்டாகக் கேட்குது, கணினியில வைரஸா?” என்றார். வைரஸ் இல்லை. வெட்டும்போது இந்த முன்னொலியை முந்திய துண்டில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக் கருவியே இரண்டு மூன்று கோப்பாகப் பிரித்துத் தந்திருக்கிறது. பழுதா?

இல்லை. கையடக்கப் பதிவுக் கருவிகள் பலவும் கோப்பு 2 ஜிபி ஆனதும் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் அது ஏறத்தாழ 2 மணி 4 நிமிடம். வேவ் வடிவத்துக்கே 4 ஜிபி எல்லை உண்டு, தன் அளவைக் குறித்துவைக்க அதற்கு 32 பிட் இடம்தான் இருக்கிறது. வந்த கோப்புகளை முதலில் வரிசையாக ஒட்டுங்கள். மங்கலாக்காமல், மௌனம் விடாமல், முனையோடு முனை. அப்புறம் உங்களுக்கு வேண்டிய இடத்தில் வெட்டுங்கள். கருவி வெட்டிய இடத்தை வெட்டாகவே விட்டுவிட்டால், ஒரு சொல் இரண்டு கோப்பில் பாதி பாதியாகக் கிடக்கும்.

எழுத்தாக்கம் செய்யப் பிரிக்கிறோம். அதற்கு வேறு முறையா?

ஆம், இங்கே மணிக்கூட்டு வெட்டு சரி. நாலு பேர் இருந்து தட்டச்சு செய்வதென்றால் ஆளுக்கு இருபது நிமிடம் என்று பிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு துண்டும் முந்தியதன் கடைசிப் பத்துச் செக்கனைத் திரும்பவும் கொண்டு தொடங்கட்டும். விளிம்பில் உள்ள வசனத்தை இருவரும் கேட்பார்கள், ஒருவருக்காவது முழுதாக விளங்கும். ஒட்டும்போது இரட்டிப்பை அழித்துவிடலாம்.

கோப்பின் பெயரிலேயே அது மூலப் பதிவில் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். “பகுதி 4, 3 நிமிடம் 12 செக்கன்” என்று மட்டும் எழுத்துப் பிரதியில் இருந்தால், ஆறு மாதம் கழித்து மூலத்தில் அந்த இடத்தைத் தேடுகிறவர் உங்களைத் திட்டுவார். தானாக எழுத்தாக்கும் சேவைகளில் சில 25 எம்பிக்கு மேல் ஏற்காது. மோனோ 64 கேபிபிஎஸ்ஸில் அது ஐம்பது நிமிடம்.

பெயர் எப்படி வைப்பது?

இலக்கத்தை முன்னால் போடுங்கள், பூச்சியத்தோடு: 01, 02, 03. பூச்சியம் இல்லாவிட்டால் பல கருவிகளில் 1க்குப் பின் 10, 11 ஓடிவிட்டு அப்புறம்தான் 2 வரும். நூறைத் தாண்டும் என்றால் 001.

தமிழில் பெயர் வைக்கலாம், தாராளமாக. ஆனால் பழைய கார் செட் சிலவற்றில் பெட்டி பெட்டியாகத் தெரியும். அங்கே இலக்கமாவது தெரியட்டும் என்பதற்காகவும்தான் அதை முன்னால் போடச் சொல்கிறேன். இன்னொன்று: ஆண்ட்ராய்டு போனின் உள் நினைவகத்தில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள். ‘வெள்ளவத்தை’ என்ற சொல்லுக்கே 30 பைட் போய்விடும். பிரதம விருந்தினரின் பட்டங்கள் முழுவதையும் கோப்புப் பெயரில் எழுத முயன்றவர் ஒருவர் எண்பத்தைந்தாவது குறியோடு நின்றுவிட்டார்.

பெயர் சரியாக இருந்தும் கார் செட்டில் வரிசை மாறுகிறதா? சில செட்டுகள் பெயரைப் பார்ப்பதில்லை, பென்டிரைவில் கோப்புகள் ஏறிய ஒழுங்கில்தான் போடும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக வரிசையில் ஏற்றுங்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், 2022இலிருந்து 2 ஜிபி வரை ஏற்கிறது, பெயரும் மாறாது. ஆனால் வாங்குகிறவரின் டேட்டாவை நினையுங்கள். குடும்பக் குழுவில் பதினெட்டுத் துண்டை ஒரே நேரத்தில் கொட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக்கு ஒன்று அனுப்புங்கள். மாமிமார் மறுநாள் “அடுத்தது எங்க?” என்று கேட்பார்கள். மின்னஞ்சல் என்றால் ஜிமெயிலில் 25 எம்பி. இணைப்பு உள்ளே போகும்போது ஊதிக்கொள்ளும், ஆகவே 18க்குள் வைத்திருங்கள்.

போனிலேயே வெட்ட முடியாதா?

முடியும். ஐபோனின் வொய்ஸ் மெமோஸிலும் பல ஆண்ட்ராய்டு பதிவுச் செயலிகளிலும் வெட்டும் வசதி இருக்கிறது. ஒரு துண்டை எடுக்க நல்லது. மூன்று மணி நேரத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்க, உங்கள் கட்டைவிரல் மீது உங்களுக்கு இரக்கம் வேண்டும். வெட்டி முடித்ததும் மூலத்துக்கு மேலேயே சேமிக்கவா என்று சில செயலிகள் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, புதிய பிரதியாகச் சேமியுங்கள்.

பாதியில் கரண்ட் போனால்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, முழு இலங்கையும் இருளில் போனது நினைவிருக்கும். நான் அப்போது ஒரு சொற்பொழிவில் முப்பத்தோராவது லேபலில் இருந்தேன். யூபிஎஸ் பற்றரி இரண்டு வருடம் பழையது, பீப் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது. மாலையில் கரண்ட் வந்து திறந்தபோது, ஓடாசிட்டி மீட்கவா என்று கேட்டது. ஓம் என்றேன், முப்பது லேபலும் வந்தன. ஒன்றுதான் போனது. 3.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து அடிக்கடி தானாகவே எழுதிக்கொள்கிறது. ஆனாலும் வேலை தொடங்கும்போதே ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். குரங்குகளை நம்பி இருக்க முடியாது.

பிரித்து முடிந்தது. மூலப் பதிவை அழித்துவிடலாமா?

கூடாது.

கூடவே லேபல்களையும் ஏற்றுமதி செய்து வையுங்கள். அது ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு: தொடங்கும் செக்கன், முடியும் செக்கன், பெயர். நூறு லேபல் இருந்தாலும் சில கேபிதான். நாளை வேறு மாதிரிப் பிரிக்க வேண்டும் என்றால், மூலத்தைத் திறந்து இந்தக் கோப்பை உள்ளே எடுத்து, நாலு லேபலை நகர்த்தினால் போதும். துண்டுகள் தொலைந்தாலும் பத்து நிமிடத்தில் திரும்ப எடுக்கலாம். மூலம் இல்லாமல் துண்டுகள் மட்டும் இருந்தால், நடுவில் விட்டதை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அம்மம்மா சொன்ன ஒரு விடயத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட முடியுமா?

இந்தக் கேள்வி நினைப்பதைவிட அடிக்கடி வருகிறது. காணித் தகராறு, யாரோ ஒருவரின் கலியாணம், ஒரு கடன். தாராளமாக எடுக்கலாம், வெளியே கொடுக்கும் பிரதியில் இருந்து. எடுத்த இடத்தில் ஒரு செக்கன் மௌனம் விடுவேன், ஒட்டி மறைக்க மாட்டேன். மூலத்தில் கை வைக்கச் சொன்னால், பேசியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்வேன். போன மாதம் ஒரு தம்பி அப்படிக் கேட்கப் போய், திரும்பி வந்து, “வெட்ட வேண்டாமாம். இன்னும் கொஞ்சம் சொல்லக் கிடக்காம், றெக்கோடரை எடுத்துக்கொண்டு வரட்டாம்” என்றார்.